பல்லுக்கொதி சின்ன வருத்தமல்ல

சென்ற மாரிக்கு முன்னர், காட்டோரக் கிராமமொன்றில் நடைபெற்ற கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். குளக்கட்டு, யானைவேலி, விதைநெல், உரம், உறுதிப்பத்திரம் கிடைக்காத காணிகள் என்று பேசவேண்டியவை நிறைய இருந்தன. எல்லாம் பேசி முடிந்து 'வேறு விடயங்கள்' என்ற இடத்துக்கு வந்தபோது, பல் வருத்தங்களைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம் என்றோம். சபையில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து வெளியே போய், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "சுவாமி, பல்லுக்கொதியாலை ஆரும் செத்தவையோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, செத்திருக்கினம். உங்கடை பக்கத்து ஊரிலையே" என்றோம். சிரிப்பு அடங்கியது. ஆனால் பொழுதும் சாய்ந்துவிட்டது. யானை இறங்கும் நேரத்துக்கு முன் வீடு சேரவேண்டுமென்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அன்று சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறோம்.

அது 2013 ஆம் ஆண்டு. வவுனியா வடக்கில் ஒரு குடும்பம். 1997 இல் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது ஊரை விட்டெழும்பி, பல இடங்களில் கொட்டில் போட்டு, 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கம்பிக்குள் இருந்து, கடைசியில் தம் காணிக்குத் திரும்பியவர்கள். குடும்பத் தலைவருக்கு நாற்பது வயது ஆகவில்லை. கீழ்த்தாடையில் வலப்பக்கத்துக் கொடுப்புப்பல் சூத்தை விழுந்து பல மாதங்களாக வந்துவந்து போன நோ, அறுவடை நேரத்தில் கடுமையாகிவிட்டது. வெட்டு மெசின் வரும் நாள் குறித்தாயிற்று. அதை விட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாது. மழை வந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். நெல்லை ஏற்றிவிட்டுப் போவோம் என்று பனடோலைப் போட்டுக்கொண்டு நாலு நாள் நின்றார். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல், அயலவர் ஒருவரைக் கொண்டு குறட்டால் பல்லைப் பிடுங்குவித்தார். பல்லின் மேற்பாதி உடைந்து வந்தது. வேர் உள்ளே நின்றுவிட்டது.

இரண்டு நாளில் தாடைக்குக் கீழே கழுத்து இருபுறமும் வீங்கிப் பலகைபோல் இறுகியது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டது. வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு கதைப்பவர்போலக் கதைத்தார். எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டார். இரவு பத்து மணிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் புறப்பட்டார்கள். காட்டு றோட்டில் யானைகள் நின்றன. திரும்பி வந்து விடியும்வரை காத்திருந்தார்கள். விடியற்காலையில் மீண்டும் புறப்பட்டு, தார் றோட்டில் ஏறுமுன்னரே மூச்சு நின்றுவிட்டது. "நெல்லு வெட்டி முடியட்டும் எண்டவர்" என்று மனைவி சொன்ன அந்த ஒரு வசனம் எமக்கு இன்றும் கேட்கிறது.

இதில் இறந்தவரையோ குறடு பிடித்த அயலவரையோ நாம் குறை சொல்ல வரவில்லை. அந்த அயலவர் தம்மாலான உதவியைச் செய்தார். அதன்பின் அவர் பட்ட துயரத்தையும் கண்டோம். குறை சொல்வதானால் எம்மையே சொல்லவேண்டும். நாம் அந்த ஊருக்கு மாதம் இரு தடவை போய்வந்தவர்கள். கோழிக்கூடு கொடுத்தோம், தையற் பயிற்சி வைத்தோம், பொதுநோக்கு மண்டபத்துக்கு அத்திவாரம் போட்டோம். மலேரியா, பாம்புக்கடி, தெங்கு எல்லாவற்றையும் பற்றிக் கருத்தரங்கு நடத்தினோம். பல்லைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. 2009 இன் பின் வந்த சுகாதாரப் பொதிகளில் பற்தூரிகையும் பற்பசையும் இருந்தன. அதே மக்களுக்குக் கொடுத்த உலர் உணவில் சீனியும் இருந்தது. கொடுத்ததோடு எம் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

பல்லால் எப்படிச் சாவு வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். பல்லின் வெளி ஓடு உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்குள் சற்று மெதுவான ஒரு படை. அதற்கும் உள்ளே நரம்பும் குருதிக் குழாயும் உள்ள மென்மையான தசை. சூத்தை ஓட்டைத் துளைத்து உட்படைக்கு வந்ததும் குளிர், இனிப்புப் பட்டால் பல் கூசும். தசையைத் தொட்டதும் அது வீங்கும். ஆனால் சுற்றிவரச் சுவர், வீங்குவதற்கு இடமில்லை. அதனாற்றான் அந்த நோ அவ்வளவு கொடூரமானது. படுத்தால் தலைக்குக் குருதி கூடுதலாக வருவதால் இரவில் இன்னும் கொதிக்கும். சில நாளில் நரம்பு செத்து, நோ திடீரென்று நின்றுவிடும். எம்மவர் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "மாறிவிட்டது" என்று வயலுக்குப் போய்விடுவார்கள். மாறவில்லை, நோவைச் சொல்லும் நரம்புதான் இறந்தது. கிருமி வேரின் நுனியால் எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகிறது. அந்தச் சீழ் முரசில் கொப்புளமாக வெடித்தால் நல்ல காலம். கீழ்க் கொடுப்புப்பற்களின் வேர் நுனி பலருக்குத் தாடையின் உட்பக்கமாகக் கழுத்துத் தசைகளுக்கு அருகில் இருக்கிறது. சீழ் அந்தப் பக்கம் இறங்கினால் நாக்கின் அடியும் கழுத்தும் வீங்கி மூச்சுப்பாதையை நெருக்கும். 1836 இல் லுட்விக் என்ற ஜேர்மன் வைத்தியர் இந்த நோயை விபரித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருமுன் இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று நேரத்துக்கு வைத்தியசாலை போய்ச் சேர்ந்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். நேரத்துக்கு என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் மனதில் வைத்திருக்கவேண்டியது இது. பல் நோவோடு கீழ்த்தாடைக்கு அடியில் அல்லது கழுத்தில் வீக்கம், நாக்கு மேலெழும்புதல், விழுங்க முடியாமல் எச்சில் வடிதல், வாயை இரண்டு விரலளவுகூடத் திறக்க முடியாமை, குரல் மாறுதல், மூச்செடுக்கக் கஷ்டம், கன்ன வீக்கம் கண்ணை மூடுமளவுக்கு ஏறுதல், நடுக்கத்தோடு காய்ச்சல். இவற்றில் ஒன்று கண்டாலும் அது பல் வருத்தமல்ல, உயிர் வருத்தம். நெல் வயலில் நிற்கட்டும். நோயாளியை மல்லாத்திப் படுக்கவைத்து ஏற்றக்கூடாது. இருத்தி, சற்று முன்சாய்த்துக் கொண்டுபோக வேண்டும். படுத்தால் நாக்கு பின்னே விழுந்து மூச்சை அடைக்கும். பல் வைத்தியர் இருக்கும் இடத்தைத் தேடித் திரியவும் வேண்டாம். சத்திரசிகிச்சை வசதியுள்ள பெரிய வைத்தியசாலையே இதற்கு இடம். நீரிழிவு உள்ளவருக்கு இந்த அடையாளங்கள் தெரியுமட்டும் காத்திருக்கவே கூடாது. முகத்தில் சிறு வீக்கம் கண்ட அன்றே போகவேண்டும்.

இலவச நோயாளர் வண்டிக்கு 1990 என்ற இலக்கம் இருப்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். 2016 இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிய அந்தச் சேவை 2018 இல் வடக்குக்கு வந்தது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எம் கிராமங்கள் சிலவற்றில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது குளக்கட்டில் ஏறினாற்றான். இரவில் யார் குளக்கட்டுக்குப் போய் அழைப்பது, வண்டி வரமுடியாத துண்டுப் பாதையில் யாருடைய உழவு இயந்திரம் எதிர்கொண்டு போவது, அதற்கு டீசல் எங்கே என்பவற்றை வருத்தம் வந்தபின் யோசித்துப் பயனில்லை. 2013 இல் அந்த ஊரில் உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் தேடவே ஒரு மணித்தியாலம் போனது என்று பின்னர் அறிந்தோம். அந்த ஒரு மணித்தியாலம் முன்னதாகப் புறப்பட்டிருந்தால் யானை இறங்குமுன் காட்டைக் கடந்திருக்கலாம். சங்கத்தின் சுழல்நிதியில் ஒரு கலன் டீசலுக்கான பணத்தை ஒதுக்கி, அந்தக் கலனை ஒரு வீட்டில் பூட்டி வைப்பது பெரிய காரியமா? பொதுநோக்கு மண்டபத்துக்கு வர்ணம் பூசுவதை ஓராண்டு பிற்போட்டால் போதும்.

இனி, உயிராபத்து இல்லாத, ஆனால் உயிரை வாங்கும் நோவைப் பற்றி.

1997 இல் நாமும் ஒரு மரத்தடிக் கொட்டிலில் இருந்த பாடசாலை மாணவர்தான். பொருளாதாரத் தடைக் காலம். மருந்து, எரிபொருள், பற்றரி எதுவும் தாராளமாக வராது. பனடோல் அட்டையை அம்மா நகைபோல ஒளித்து வைத்திருந்தார். பல்லுக்கொதித்தால் ஒரு கராம்பைக் கடித்து வைத்துக்கொள்ளச் சொல்வார். அம்மா சொன்னது சரியே. கராம்பில் உள்ள எண்ணெய் நரம்பைச் சிறிது நேரம் மரக்கச் செய்யும். பல் வைத்தியர்களே தற்காலிக அடைப்புக்கு அதைக் கலந்து பாவிக்கிறார்கள். முதலில் வாயை இளஞ்சூட்டு உப்புநீரால் கொப்பளித்து, ஓட்டைக்குள் சிக்கிய உணவை மெதுவாக எடுத்துவிட வேண்டும். பின் சிறு பஞ்சில் ஒரு சொட்டு கராம்பெண்ணெய் தொட்டு ஓட்டைக்குள் வைக்கலாம். ஒரு சொட்டுத்தான், அதிகம் விட்டால் முரசு வெந்துவிடும். சிறு பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டால் பெரும் ஆபத்து. போத்தலை எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும்.

பனடோல் வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. நோ தாங்காமல் பன்னிரண்டு, பதினைந்து என்று விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. சாராயம் குடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்தே கொடுக்கவேண்டும்; மருத்துவமாதுவிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் "பல்லுக்குப் பவரான குளிசை" என்று கேட்டு வாங்கும் பழக்கம் எமக்குக் கவலை தருகிறது. இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்றவை பல் நோவுக்கு நன்றாக வேலை செய்பவைதாம். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவருக்கு அவை நஞ்சு போன்றவை. வட மத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட அந்தக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்க விவசாயிகளையும் விடவில்லை என்பதை எம் வாசகர்கள் அறிவார்கள். தமக்கு அந்நோய் இருப்பதை அறியாமலேயே பலர் வயலில் நிற்கிறார்கள். தெங்குக் காய்ச்சல் என்று சந்தேகம் இருந்தாலும், வயிற்றுப் புண், ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தாலும் அவை வேண்டாம். வைத்தியர் சொல்லாமல் அக்குளிசைகளைத் தொடாதிருப்பதே எம் பகுதிக்குப் பொருந்தும் என்பது எமது கருத்து.

வேறு சில வழக்கங்களையும் விட்டுவிட வேண்டும். டிஸ்பிரினைக் கரைத்துக் குடிக்காமல் பல்லடியில் வைத்தால் முரசு வெந்து வெள்ளையாகும். எருக்கம்பால் விடுவது, மண்ணெண்ணெய் கொப்பளிப்பது, பற்றரி அசிற்றைக் குச்சியில் தொட்டு வைப்பது எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். எருக்கம்பால் கையிலிருந்து கண்ணுக்குப் போய்ப் பார்வை கெடக்கூடியது. கன்னம் வீங்கியிருக்கும்போது வெளியே சுடுஒத்தடம் கொடுப்பதும் நல்லதல்ல. குளிர்ந்த நீரில் நனைத்த துணியே போதும். சென்ற தடவை காய்ச்சலுக்குத் தந்த மிச்சக் கப்சூலில் நாலைப் போட்டுக்கொள்வது மிகப் பரவலான வழக்கம். அது வீக்கத்தைச் சில நாள் அமர்த்தும். பல் அப்படியே உள்ளே இருப்பதால் சீழ் திரும்ப வரும். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமலும் போகலாம். சீழை வெளியேற்றுவதோ பல்லை எடுப்பதோ வேரைத் துப்புரவாக்குவதோதான் சிகிச்சை. கப்சூல் துணைக்கு மட்டும்.

இன்னுமொன்று. வயதானவர் ஒருவருக்கு வேலை செய்யும்போது இடப்பக்கத் தாடையில் நோ வந்து, இளைப்பாறினால் குறைந்து, கூடவே வியர்வையும் களைப்பும் இருந்தால் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாரடைப்பும் தாடையில் நோவாக வருவதுண்டு.

பல் விழுந்துபோகும் விபத்துக்கு வருவோம். இதில் ஒரு வீட்டாரின் அறிவே வைத்தியரின் கைக்கு மேலான பலனைத் தரும். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். எம் பிள்ளைகள் முன்பல்லை இழக்கும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: சைக்கிளால் விழுதல், கிரிக்கெட் பந்து, மாடு தலையை ஆட்டுதல், எல்லாவற்றுக்கும் மேலாக இருசில்லு உழவு இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணும் கைபிடி திருப்பி அடித்தல். அப்படி அடிபட்ட பதினான்கு வயதுப் பையன் ஒருவனை மறுநாள் எம்மிடம் கூட்டிவந்தார்கள். முழுப் பல்லும் வேரோடு வந்திருந்தது. தாய் மிகவும் பொறுப்பானவர். பல்லைத் தேடி எடுத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கடதாசியில் மடித்துக் கொண்டுவந்தார். அந்தத் தாயிடம் என்ன சொல்வது? பல்லைக் காப்பாற்ற வேண்டிய அத்தனையையும் அந்தத் துப்புரவே அழித்துவிட்டது.

வேரின் மேல் கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள மெல்லிய படலம் இருக்கிறது. பல்லை எலும்போடு மீண்டும் ஒட்டவைப்பது அதுதான். அது காய்ந்தால் சாகும், தேய்த்தால் உரியும். ஆகவே பல்லின் வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடித்துத் தூக்கவேண்டும். மண் பட்டிருந்தால் பாலிலோ சுத்தமான நீரிலோ சில விநாடி அலசலாம், தேய்க்கக் கூடாது. பிள்ளை நினைவோடு இருந்தால், முன்பக்கம் முன்னால் வருமாறு பார்த்து, அந்தக் குழியிலேயே மெதுவாக அமத்தி வைத்து, மடித்த சுத்தத் துணியைக் கடிக்கவிட்டுப் புறப்படவேண்டும். முதல் ஐந்து நிமிடத்துக்குள் இதைச் செய்தால் பல் நிலைக்க நல்ல வாய்ப்பு உண்டு. செய்யத் துணிவில்லாவிட்டால் பசும்பாலில் போட்டுக் கொண்டுபோகலாம். பால் இல்லையா? பிள்ளையைச் சிரட்டைக்குள் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் போடுங்கள். தண்ணீர் கடைசி வழி. ஆனால் காயவிடுவதைவிட அது மேல். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காய்ந்த பல் நெடுநாள் நிலைப்பது அரிது. எனினும் அதையும் கொண்டுபோகவேண்டும். முடிவை வைத்தியர் எடுக்கட்டும். ஏற்பூசி போட்ட விபரத்தையும் சொல்லவேண்டும். பாற்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது. கீழே வளர்ந்துவரும் நிலைப்பல்லுக்கு அது சேதம் தரும். முன்பற்கள் நிலைப்பற்களாக மாறுவது ஏறத்தாழ ஆறு வயது முதல் எட்டு வயதுக்குள். விழுந்த பல் எங்கும் அகப்படாவிட்டால் பிள்ளையின் நெஞ்சுக்குள் போயிருக்கலாம். அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இதை ஒரு பாடசாலையில் நாம் சொன்னபோது ஆசிரியை ஒருவர் கரும்பலகையில் எழுதிவைத்தார். பின்னர் விளையாட்டுப் போட்டியில் மாணவி ஒருத்தியின் பல் விழுந்தபோது, அந்த ஆசிரியையே கை நடுங்க நடுங்க அதைத் திரும்ப வைத்தார். வைத்தியசாலையில் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டி, இரண்டு கிழமையில் கட்டை அவிழ்த்து, வேருக்குச் சிகிச்சையும் செய்தார்கள். பல் இருக்கிறது. பிள்ளையும் வாயைப் பொத்தாமல் சிரிக்கிறாள்.

பல் எடுத்துவிட்டு வந்தபின் இரவில் குருதி நிற்காமல் வருவதும் வீட்டாரைக் கலங்கவைக்கும். பலர் அடிக்கடி கொப்பளித்து, உறைந்த குருதியைத் தாமே கழுவி விடுகிறார்கள். கொப்பளிக்க வேண்டாம். நிமிர்ந்து இருந்து, சுத்தமான துணியைத் தடிப்பாக மடித்து அந்த இடத்தில் வைத்து, இருபது முப்பது நிமிடம் இடையில் எடுத்துப் பார்க்காமல் இறுகக் கடிக்கவேண்டும். நனைத்துப் பிழிந்த தேயிலைப் பையைக் கடிப்பதும் உதவும். தேயிலையின் துவர்ப்பு குருதியை உறையச் செய்யும். அன்றைக்கு வெற்றிலை, சுருட்டு, சாராயம் மூன்றும் ஆகாது. அதற்கும் நிற்காவிட்டால் வைத்தியசாலை.

இவ்வளவும் வீட்டில் செய்யக்கூடியவை. இவற்றால் பல் வைத்தியருக்குப் போகும் நாளைக் கடக்கலாமே தவிர, போகாமல் விட முடியாது. குறடு பிடிப்பதை நாம் முற்றாக எதிர்க்கிறோம். வேர் உடையும், தாடை வெடிக்கும், ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குச் செங்கமாரிக் கிருமி போகும். அதே வேளை, "வைத்தியர் வரும்வரை எதையும் தொடாதே" என்று நகரத்திலிருந்து சொல்வதும் எமக்கு உடன்பாடில்லை. மறே டிக்சன் என்ற கனேடியப் பல் வைத்தியர் 1983 இல் 'பல் வைத்தியர் இல்லாத இடத்தில்' என்று பொருள்படும் ஒரு கைநூலை வெளியிட்டார். பயிற்சி பெற்ற கிராமச் சுகாதாரத் தொண்டர் எதைச் செய்யலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்பதைப் படங்களோடு விளக்கும் நூல் அது. எமது நாட்டிலேயே 1950களில், நியூசிலாந்தின் முறையைப் பின்பற்றி, பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பதற்கென்று பெண்களைப் பயிற்றத் தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் பட்டதாரி வைத்தியர்தான் வேண்டும் என்றிருந்தால் அந்தச் சேவை பிறந்திருக்காது. தூரக் கிராமங்களுக்கும் அதே துணிவு வேண்டும்.

எமது யோசனை இதுதான். ஒவ்வொரு மாதர் சங்கத்திலும் இரண்டு பேருக்கு, பல் சிகிச்சை நிலையத்தில் இரண்டு நாள் நின்று பார்க்க ஒழுங்கு செய்வோம். ஆபத்து அடையாளங்களை அறிதல், நோ தணித்தல், விழுந்த பல்லை வைத்தல், குருதியை நிறுத்தல், இவை மட்டும் அவர்கள் பொறுப்பு. பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, சிறு கண்ணாடி, ரோச் லைற், பனடோல், கராம்பெண்ணெய், தொலைபேசி இலக்கங்கள் எழுதிய மட்டை ஆகியவற்றோடு ஒரு தகரப் பெட்டி அவர்களிடம் இருக்கட்டும். நடமாடும் பற்சிகிச்சை வரும் நாளை முன்கூட்டியே அறிவிக்கும்படி சுகாதாரப் பகுதியைச் சங்கங்கள் எழுத்தில் கேட்கவேண்டும். விதைப்பு நேரத்திலும் வெட்டு நேரத்திலும் வந்து, "சனம் வரவில்லை" என்று பதிந்துவிட்டுப் போவதை நாம் கண்டிருக்கிறோம். காலபோகத்துக்கு நிலம் பண்படுத்து முன், ஆவணியில் வரட்டும். சூத்தைப் பல்லை அப்போதே பார்த்து முடித்தால் மாசியில் வெட்டு மெசினோடு அது போட்டிக்கு வராது.

கர்ப்பிணித் தாய்மார் பல்லைத் தொடக்கூடாது என்ற எண்ணம் தவறானது. கர்ப்பமாயிருப்பதைச் சொல்லி, நடு மாதங்களில் சிகிச்சை பெறலாம். எம் பகுதிக் கிணறுகளில் புளோரைட் கூடுதலாக இருப்பதால் பல பிள்ளைகளின் பற்கள் பழுப்பு நிறமாக இருக்கின்றன. அது சூத்தையல்ல, அதைச் சுரண்டவும் வேண்டாம். சீனி பற்றி நாம் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. இரவில் தூங்குமுன் துலக்கினால், அது வேப்பங்குச்சியானாலும் தூரிகையானாலும், பாதி வேலை முடிந்தது.

பற்களுக்குப் பாதுகாவலியாகத் திருச்சபை புனித அப்பொலோனியாவை மாசி 9 ஆந் திகதி நினைவுகூருகிறது. 249 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் பற்களை உடைத்து வதைக்கப்பட்டவர் அவர். பழைய காலத்தில் பல்லுக்கொதியை எவ்வளவு பெரிய துன்பமாக மனிதர் எண்ணியிருந்தால் அதற்கென்றே ஒரு புனிதரைத் தேடியிருப்பார்கள் என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு. எமக்குத்தான் அது சிரிப்பாகிவிட்டது.

அன்றைய கூட்டம் கலைந்தபின், கேள்வி கேட்ட அந்த முதியவர் மண்டபத்தின் பின்புறம் வந்து நின்றார். ஒருவரும் இல்லையென்று பார்த்து, "சுவாமி, இதையும் ஒருக்கால் பாருங்கோ" என்று வாயைத் திறந்தார். வெற்றிலையும் புகையிலையும் அடக்கும் இடப்பக்கக் கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படை. அதன் நடுவே ஒரு புண். எத்தனை நாள் என்று கேட்டோம். "சிறுபோகத்துக்கு முந்தியே இருக்கு, நோகேல்லை" என்றார். வாயில் வந்த புண் மூன்று கிழமையில் ஆறாவிட்டால், நோவு இல்லாவிட்டாலும், காட்டவேண்டும். பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003 இலேயே தீர்மானித்துவிட்டது. எம் நாட்டு ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. இவற்றை அவரிடம் அப்போது சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் நாமே கூட்டிப்போனோம். சிறு சதைத்துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை வெற்றிலைத் தட்டத்தை மனைவி பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொல்லி எம்மிடம் முறைப்பாடு செய்தார்.